மாதர் புண்களும் திசு ஆராய்ச்சியும்

நோயைத் தீர்ப்பதற்கு முன் நோய் இன்னதெனத் தெளிதல் வேண்டும் என்பது நம் முன்னோர்க்குப் புதிய செய்தியன்று. வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவன் கடமையை முறைப்படுத்துங்கால், நோயை ஆராய்தலையே முதற்கண் நிறுத்தினார். அதன் காரணத்தை ஆராய்தலையும், தணிக்கும் வழியை ஆராய்தலையும் அதன் பின்னரே வைத்தார். ஆயின், நோயை ஆராய்தற்குரிய கருவி யாது? கண்ணா, கையா, நாடியா? பல நோய்களுக்கு இவை போதும். சில நோய்களுக்குப் போதா. அங்ஙனம் போதாதனவற்றுள், பெண்டிர்க்கு மறைவான உறுப்புக்களில் தோன்றும் அரிய தோற் கழலைகளும் சுரப்பிக் கழலைகளும் சேர்ந்தவை. இவற்றைத் துணிதற்குரிய வழி, உடலினின்று ஒரு சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து நோக்குதலேயாகும். இதனைப் பொதுமக்கள் பயாப்சி என்றும், சதை எடுத்துப் பார்த்தல் என்றும் கூறுவர். நூலோர் திசுப் பரிசோதனை என்பர். மாதர்க்கு வரும் ஆறாத புண்ணை இப் பரிசோதனையின்றி எவரும் 'ஒன்றுமில்லை' என்று தள்ளிவிடலாகாது என்பதும், அதனைப் பெண்கள் தாமே வாய்திறந்து கேட்டற்குத் தமிழில் அவர்க்குச் சொல் இருத்தல் வேண்டும் என்பதுமே இக் கட்டுரையின் துணிபு.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு மருத்துவப் பொருளில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. நோயை நீக்குதல் மருத்துவர் தொழில். அதில் தலையிட எமக்கு உரிமையில்லை. ஆயின், நோயாளி தன் நோயை மருத்துவர்க்கு எடுத்துரைப்பதும், மருத்துவர் தாம் கண்டதை நோயாளிக்கு விளக்குவதும் சொல்லால் நிகழ்வன. சொல் தடைப்படும் இடத்தில் மருந்தும் தடைப்படும். ஆதலின் இப் பொருளில் ஒரு பாதி மொழியினருக்கும் உரியது.

இனி, கண் ஏமாறும் வகைக்கு ஒரு சான்று காட்டுவாம். இலண்டன் மாநகரத்துச் செயின்ட் பார்தலோமியு மருத்துவசாலையைச் சார்ந்த சர் ஜேம்ஸ் பேஜெட் என்னும் அறுவை மருத்துவர், 1874-ஆம் ஆண்டில் அம் மருத்துவசாலையின் அறிக்கைத் தொகுதியில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழப் பதினைந்து பெண்டிரிடம் தாம் கண்ட ஒரு நோயை அதில் அவர் விவரித்தார். அவர்கள் நாற்பது முதல் அறுபதும் அதற்கு மேலும் ஆண்டு நிரம்பியவர்கள். அவர்தம் முலைக்காம்பிலும் அதனைச் சூழ்ந்த கருவட்டத்திலும் தோல் செக்கச் சிவந்து, மேல்தோல் உரிந்தாற்போல் ஈரமாய்க் கசிந்து கொண்டிருந்தது. பார்ப்பவர் அனைவரும் கரப்பான் என்றே கருதத்தக்க தோற்றம். களிம்புகள் பயனளித்தில. தாம் தொடர்ந்து கவனிக்க இயன்ற ஒவ்வொரு பெண்ணிடத்தும், மிஞ்சிப்போனால் இரண்டு ஆண்டுகளில், பெரும்பாலும் ஓராண்டிற்குள்ளாகவே, கொங்கையின் உள்ளே புற்று தோன்றியதை அவர் கண்டார். அந் நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பேஜெட் அன்று கண்டது புறத்தோற்றத்தையும் அதன் பின்விளைவையுமே. அகத்தே நிகழ்வதைப் பின்வந்தோர் நுண்ணோக்கியால் கண்டனர். மேல்தோலின் அடுக்குகளுக்கிடையே, அத் தோலுக்கு உரியனவல்லாத பெரிய வெளிறிய உயிரணுக்கள் தனித்தனியாகவும் கூட்டங்கூட்டமாகவும் புகுந்திருத்தலே இந் நோயின் அடையாளம். 1889-இல் பிரெஞ்சு மருத்துவர் தாரியே என்பார் அவ்வணுக்களை ஒருவகை ஒட்டுண்ணிகள் என்றே எண்ணினார். அவை புற்றணுக்களே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இந் நோயுடைய பெண்டிருள் மிகப் பெரும்பாலார்க்குக் கொங்கையின் உட்புறத்தேயும் புற்று உண்டு. அதன் அணுக்கள் பாற்குழாய்களின் வழியே ஊர்ந்து காம்பின் தோலை அடைகின்றன என்பதே பெரும்பான்மையோர் கொள்கை. அஃதாவது, வெளியே கரப்பான் போல் தோன்றுவது உள்ளே எரியும் நெருப்பின் புகையேயாம்.

கரப்பானுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டோ எனின், உண்டு. கரப்பான் பெரும்பாலும் இரு மருங்கும் வரும், கருவட்டத்தில் தொடங்கும், தக்க மருந்தால் தணியும். பேஜெட் நோய் பெரும்பாலும் ஒரு மருங்கே வரும், காம்பிலேயே தொடங்கும், மருந்தால் சிறிது தணிந்தாற்போலக் காட்டி மீண்டும் எழும். இத் தணிவே பெரிய வஞ்சகம். களிம்பால் சிவப்புக் குறைந்ததைக் கண்டு, 'குணமாகி வருகின்றது' என்று நோயாளியும் மருத்துவரும் ஒருங்கே மகிழ்ந்து மாதங்களைக் கழித்துவிடுவர். 'கண்ணால் காண்பதும் பொய்' என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது. தீர விசாரிப்பதே மெய் என்று அப் பழமொழி முடிகின்றதன்றோ? ஈண்டுத் தீர விசாரித்தலாவது திசுவை விசாரித்தலே.

அவ் விசாரணை நிகழும் முறை மிக எளிது. நோயுற்ற இடத்தை மருந்தூசியால் மரக்கச் செய்து, மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால், மேல்தோலும் அதன் அடித்தோலும் சேர்ந்த ஒரு துணுக்கை எடுப்பர். மேலே சுரண்டிய செதில் பல வேளைகளில் போதாது. அத் துணுக்கை உடனே பார்மலின் நீரில் இடுதல் வேண்டும். இடாவிடின் சிறிது நேரத்தில் அது சிதையத் தொடங்கும். பின்னர் நீர் நீக்கி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு பருமனுள்ள படலங்களாகச் சீவுவர்; தலைமயிர் ஒன்றின் பருமனோடு ஒப்பிட்டால் அது பத்தில் ஒரு பங்கினும் குறைவு. நடு அமெரிக்க நாட்டு மரமொன்றின் வயிரத்திலிருந்து பெறும் ஹெமட்டாக்சிலின் என்னும் சாயம் அணுவின் கருவை நீலமாக்கும். இயோசின் என்னும் சாயம் ஏனைய பகுதியை இளஞ்சிவப்பாக்கும். அந் நீலமும் சிவப்பும் காட்டும் கோலத்தைக் கற்றவர் படிக்கின்றனர்.

இக் கலை நெடுங்காலத்ததன்று. 1858-இல் ஜெர்மானிய அறிஞர் விர்கோ நோய்களின் உறைவிடம் உயிரணுவே என்று நூல் இயற்றினார். 1870-களில் பெர்லின் நகரத்து ரூகே, வைட் என்னும் இருவர், கருப்பை வாயில் தோன்றும் புண்களைக் கண்ணால் மட்டும் துணியலாகாது, துணுக்கு எடுத்தே துணிதல் வேண்டும் என்று வற்புறுத்தினர். பயாப்சி என்னும் பெயரை 1879-இல் வழங்கியவர் பிரெஞ்சு நாட்டுத் தோல் மருத்துவர் பெஸ்னியே. மாதர் நோயும் தோல் நோயும் இக் கலையின் தொட்டிலருகே நின்றன என்பது இதனால் விளங்கும். அங்ஙனமிருக்க, அம் மாதர்க்கே அப் பயன் காலந்தாழ்த்துக் கிட்டுதல் இரங்கத்தக்கது.

நிற்க. பேஜெட் நோய் கொங்கையோடு அமைவதன்று. 1901-இல் துப்ரேய் என்பார் பெண்குறியின் புறத்தோலிலும் அதனைக் கண்டு எழுதினார். மாதவிலக்கு நின்ற பின்னரே பெரும்பாலும் வரும் இது, நீங்கா அரிப்புடன், சிவந்தும் இடையிடையே வெளுத்தும் படரும் படையாகத் தோன்றும். படர்தாமரை என்றும், வெள்ளைப்பாட்டால் வந்த அரிப்பு என்றும் கருதி ஆண்டுக் கணக்கில் மருந்திடுவோர் உளர். இவ்விடத்து நோய் பெரும்பாலும் தோலளவிலேயே தோன்றித் தோலளவிலேயே நெடுநாள் நிற்கும். ஆயின், சிலரிடத்து மலக்குடலிலோ சிறுநீர்ப்பையிலோ உள்ள புற்றே தோலுக்குப் பரவி இவ்வுருவம் கொள்வதும் உண்டு. இரண்டிற்கும் மருத்துவம் வேறு. அன்றியும், கருநிறப்புற்று எனப்படும் மெலனோமாவும், போவன் நோய் என்னும் பிறிதொரு தோல்நோயும் நுண்ணோக்கியின் கீழ் இதனைப் போலவே நடிக்கும். இவற்றைப் பிரித்தறிதற்கு இந்நாளில் எதிர்ப்பொருட் சாயங்கள் உள்ளன. 1941-இல் ஆல்பர்ட் கூன்ஸ் என்பார் ஒளிரும் எதிர்ப்பொருளைக் கொண்டு தொடங்கிய வழி அது. சைட்டோகெரட்டின் 7 என்னும் புரதத்தைக் காட்டும் சாயம் பேஜெட் அணுக்களில் ஏறும். எஸ்-100 என்பது மெலனோமாவில் ஏறும். சைட்டோகெரட்டின் 20 மிகுதியாக ஏறின், குடலையும் சிறுநீர்ப்பையையும் தேடுமாறு அஃது எச்சரிக்கும். ஒரு சிறு துணுக்கு, தான் இருந்த இடத்தை மட்டுமன்றித் தான் வந்த ஊரையும் சொல்கின்றது என்க.

திசு ஆராய்ச்சி கொடிய செய்தியையே கொணரும் என்று அஞ்சுவோர்க்கு மற்றொரு கழலையைக் காட்டுவாம். ஹைட்ரடினோமா பாப்பிலிபெரம் என்பது அதன் நெடும்பெயர். பெண்குறியின் இதழ்ப்புறத்துச் சுரப்பிகளில், ஏறத்தாழப் பெண்களுக்கு மட்டுமே, பருவமெய்திய பின்னர்த் தோன்றும் சிறு கட்டி அது. பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்டது. சில வேளைகளில் அதன் மேல்தோல் வெடித்துச் செந்நிறச் சதை வெளிப்படும், குருதியும் கசியும். காண்போர் புற்றென்றே நடுங்குவர். ஆயின் நுண்ணோக்கியோ, இலைக்கொத்துப்போல் கிளைத்த மடிப்புக்களையும், அவற்றின்மேல் ஒழுங்காக இரண்டு அடுக்காய் அமைந்த அணுக்களையும் காட்டி, இது தீங்கற்றது என்று அறிவிக்கும். அக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். திசுவை ஆராயாது, தோற்றத்தையே நம்பிப் பெரிய அறுவை செய்திருந்தால் அப் பெண்ணின் நிலை என்னாம்?

இதற்கு நேர்மாறானது பார்தலின் சுரப்பியில் வரும் கட்டி. டென்மார்க்கு நாட்டுக் காஸ்பர் பார்தலின் 1677-இல் விவரித்த அச் சுரப்பி, பெண்குறியின் வாயிலில் இரு மருங்கும் அமைந்தது. இளம்பருவத்தில் அங்கே வரும் வீக்கம் பெரும்பாலும் நீர்க்கட்டியே. கீறி வடித்தால் தணியும். ஆயின் நாற்பது ஆண்டு கடந்தவர்க்குப் புதிதாக அங்கே கட்டி தோன்றின், மிக அருகியேனும் அது புற்றாக இருத்தல் கூடும். ஆதலின் துணுக்கு எடுத்துப் பார்த்தல் முறை. எனவே, அஞ்சத்தக்க உருவில் தீங்கற்றதும், எளிய உருவில் கொடியதும் வருதலால், உருவத்தை நம்பித் தீர்ப்பளித்தல் இருபுறமும் தவறாகும்.

இதனால் பெறப்படும் முதல் விதி யாது? காம்பிலாயினும் மறைவிடத்தாயினும், இரண்டு மூன்று வாரம் முறையாக மருந்திட்டும் ஆறாத புண்ணை அதன் பின்னும் களிம்பின் பொறுப்பில் விடலாகாது. இரண்டாம் விதி: பெண்ணின் உடலினின்று அறுத்தெடுத்த எந்தக் கட்டியையும், 'வெறுங் கட்டிதான்' என்று பார்மலினில் இடாது எறிந்துவிடலாகாது. எறிந்த பின் எழும் ஐயத்திற்கு விடையளிக்க எவராலும் இயலாது. மூன்றாம் விதி: துணுக்கோடு செல்லும் தாளில், பெண்ணின் வயது, புண்ணின் இடம், அது தோன்றிய நாள், இட்ட மருந்து, கொண்ட ஐயம் ஆகியவற்றை மருத்துவர் எழுதுதல் வேண்டும். 'கட்டி' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்புதல், முகவரியில் 'தமிழ்நாடு' என்று மட்டும் எழுதி அஞ்சற்பெட்டியில் இடுவதை ஒக்கும்.

இனித் தடைகளை ஆராய்வாம். 'கத்தி பட்டால் புற்று பரவும்' என்பது நம் நாட்டில் வேரூன்றிய அச்சம். இவ்வகைத் தோற்புண்களில் சிறு துணுக்கு எடுத்தல் உலகெங்கும் ஒப்பிய முறை. கத்திக்கு அஞ்சிக் காலத்தை இழப்பதாலன்றோ புற்று ஓங்குகின்றது? கத்தியை முடிவில் காணும் குடும்பத்தார், முன்னரே வளர்ந்திருந்த நோயைக் கத்தியின்மேல் ஏற்றிச் சொல்கின்றனர்.

'திசு ஆராய்ச்சியும் பிழைபடுமே' என்பது கற்றோர் கூறும் தடை. உண்மையே. 1887-இல் ஜெர்மானிய இளவரசர் பிரெடரிக்கின் தொண்டையிலிருந்து எடுத்த துணுக்குக்களை விர்கோவே நோக்கினார்; புற்றைக் காணவில்லை. பேரரசராய் முடிசூடிய பிரெடரிக்கு 99 நாட்களே ஆண்டு, 1888-இல் தொண்டைப் புற்றாலேயே மாண்டார். இதனின்று கற்க வேண்டுவது யாது? துணுக்கில் புற்று இல்லை என்பது, துணுக்கில் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. நோயின் போக்கும் பரிசோதனையின் முடிவும் முரணுமாயின், மீண்டும் எடுத்துப் பார்த்தலே கடன். ஒரு விளக்கு எல்லா மூலையையும் காட்டவில்லை என்பதற்காக இருளில் நடப்பது அறிவாகாது.

இவற்றினும் பெரிய தடை நாணம். பெண்ணொருத்திக்குக் கையில் ஆறாத புண் வரின், வீடு முழுவதும் அறியும். அயலாரும் மருந்து சொல்வர். காம்பிலோ மறைவிடத்திலோ வரின், தாய்க்கும் சொல்லாள், கணவனுக்கும் சொல்லாள், மருத்துவர் முன் அமர்ந்த பின்னும் 'அந்த இடத்தில் அரிப்பு' என்று கூறித் தலை கவிழ்வாள். காட்ட உடன்படாள். மருத்துவரும் பாராமலே களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்புவர். பாராத கண்ணும் பேசாத வாயும் சேர்ந்து எழுதிய மருந்துச்சீட்டு நோயை எங்ஙனம் தொடும்?

இங்கேதான் தமிழ் மாணாக்கர் சிந்தித்தல் வேண்டும். நம் காப்பியங்களும் சிற்றிலக்கியங்களும் மகளிர் உறுப்புக்களைக் கேசம் முதல் பாதம் வரை உவமை அடுக்கிப் பாடின. கொங்கையைப் பாட நாணாத புலவர் கூட்டம் நம்முடையது. அல்குல் என்னும் சொல் எவ்வுறுப்பைக் குறிக்கும் என்று அறிஞர் நெடுங்காலம் வாதித்துள்ளனர். நாமும் வகுப்பறையில் அமர்ந்து அவ்வாதத்தைக் கேட்கின்றோம். அழகுக்கு அத்துணைச் சொல் வைத்திருந்த மொழியில், அவ்வுறுப்பு நோயுறும்போது அதனை உடையவள் கூசாது சொல்ல ஒரு சொல் வழக்கிலில்லை. உள்ள சொற்களோ, புலவர்க்கு உரியனவாக ஏட்டிலும், வசைக்கு உரியனவாகத் தெருவிலும் நிற்கின்றன. இடையிலே, நோயாளிக்கு உரிய சொல் இல்லை. இக் குறை மொழியின் வறுமையன்று; அதனை வழங்கும் நம் அன்பின் வறுமையே.

இக் குறையை நீக்கலாகுமோ எனின், ஆகும். முன்னரே ஒருவர் வழிகாட்டியுள்ளார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்தடைந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன், மானிப்பாயில் தங்கித் தமிழைக் கற்று, உடற்கூறு, அறுவை, மகப்பேறு ஆகிய துறைகளின் நூல்களைத் தமிழாக்கினார். மாணாக்கர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கவும் செய்தார். கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியால் இது கூடும் என்று நம்பிச் செய்து காட்டினார். அம் மொழியில் பிறந்து, அதனையே சிறப்புப் பாடமாகப் பயிலும் நாம், ஒரு பக்கமளவேனும் செய்யலாகாதா?

அவ்வொரு பக்கம் இன்னது என்று கூறி அமைவாம். திசு ஆராய்ச்சியின் முடிவு இன்று பெண்ணின் கையில் ஆங்கிலத்தில் கிடைக்கின்றது. அதனோடு, எளிய தமிழில் எழுதிய ஒரு தாளும் அவளுக்குக் கிடைத்தல் வேண்டும். எடுத்த இடம் எது, கண்டது யாது, அது தீங்கற்றதா அன்றா, இனிச் செய்ய வேண்டுவது என்ன, மீண்டும் எப்பொழுது வருதல் வேண்டும் என்னும் ஐந்து வினாக்களுக்கு அதில் விடை இருந்தால் போதும். பயாப்சி என்னும் சொல்லை மக்கள் ஏற்றுக்கொண்டனராயின், அச் சொல்லே அதில் நிற்கட்டும். வடமொழிச் சொல்லா, தனித்தமிழ்ச் சொல்லா, ஆங்கிலச் சொல்லா என்னும் போரை நோயாளியின் படுக்கையருகே நடத்த வேண்டா. அவளுக்கு விளங்கும் சொல் எதுவோ அதுவே நல்ல தமிழ். மருத்துவக் கல்லூரி மாணாக்கர் பொருளைத் தர, தமிழ் மாணாக்கர் நடையைத் தர, இப் பணி ஒரு விடுமுறைக் காலத்தில் முடியத்தக்கது.

இந் நோய்கள் அரியனவாயிற்றே, இவற்றிற்கு இத்துணை முயற்சி வேண்டுமோ என்பார்க்கு ஒரு விடை உண்டு. கொங்கைப் புற்றுள்ள நூறு பெண்டிருள் பேஜெட் நோய் காண்பவர் ஒருவர் முதல் நால்வரே. மறைவிடத்து வருவனவோ இன்னும் அருகியவை. ஆயின் எண்ணிக்கையில் அரியது, வந்தவளுக்கு அரியதன்று. அவளுக்கு அது முழுமையே. அன்றியும், அரிய நோய்க்கென்று பழகிய வழக்கம் பெருகிய நோய்க்கும் உதவும். ஆறாத புண்ணைச் சொல்லத் துணிந்த பெண், கொங்கையில் கட்டி கண்டாலும் சொல்வாள். கருப்பை வாயில் குருதி கண்டாலும் சொல்வாள். சொன்னவளை மருத்துவர் பார்ப்பர். பார்த்த புண்ணினின்று துணுக்கு எடுப்பர். எடுத்த துணுக்கு உண்மை கூறும். இச் சங்கிலியின் முதற் கணு அவள் வாய்ச்சொல். அச் சொல்லை அவளுக்குக் கூச்சமின்றி அளித்தல், தமிழ் கற்றார் அனைவர்க்கும் உரிய கடன்.